"போதும்மா, என்ன விட்டுடு" - கடைசிக் காலத்தில் இருப்பவர் இப்படிச் சொன்னால் பிசியோதெரபிஸ்ட் என்ன செய்யலாம்?



மாதக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி, உள்கடன் தவணை வரவு வைத்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் வீட்டுக் கதை ஆரம்பிக்கும். நோட்டில் ஏறாத அந்தப் பேச்சில்தான் பல நேரம் பெரிய விஷயம் இருக்கும். திருவக்கரை பக்கத்துக் குழுக்களில் இப்போது ஒரே மாதிரியான கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "வீட்டுக்கே வந்து எக்சர்சைஸ் சொல்லித் தர்றாங்க. எங்க மாமியாரு 'போதும்மா, என்ன விட்டுடு, நான் போய்ச் சேர்றேன்'னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாங்க. வந்த பொண்ணு பாவம், சின்ன வயசு, என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நிக்குது. நாங்களும் நிக்கிறோம்."

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதம் இந்தக் கட்டுரை. பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டியதை நமக்கு எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்பு மற்றும் ஆதரவு சிகிச்சையும் வீட்டிலேயே தருவது என்று அந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு ஆதரவு சிகிச்சை நர்ஸ். அவர்களோடு ஊருக்குள் போவதற்குப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். அந்தத் தன்னார்வலர்களை மகளிர் குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். ஆக, கதவைத் தட்டுகிறவரும் நம் குழுப் பெண், உள்ளே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரும் நம் குழுப் பெண். நடுவில் நிற்கிற அந்த பிசியோதெரபிஸ்ட் என்ன செய்தால் நல்லது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், நம்ம ஊர். வெளியூர்க்காரர்களுக்குத் திருவக்கரை என்றால் வக்ரகாளியம்மன் கோயில், கல்மரப் பூங்கா. நமக்கு அதோடு கல்குவாரியும் கிரஷரும் சேர்த்துத்தான் திருவக்கரை. வருஷக் கணக்கில் கல் தூசியைச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும். வந்தால் அதைக் குணமாக்க மருந்து கிடையாது. மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், தொற்று வராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பக்கவாதத்தில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். ஜிப்மருக்கும் காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கும் அலைந்துவிட்டு, "இனி வீட்லயே வச்சிப் பாத்துக்குங்க" என்ற வார்த்தையோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அந்த 'வீட்லயே வச்சிப் பார்க்கிற' வேலை யார் தலையில் விழுகிறது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் இவரிடம் சொல்கிறார்கள்?

டாக்டரிடம் மூன்று நிமிஷம். அதிலும் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கே இரண்டு நிமிஷம் போய்விடும். பிசியோதெரபிஸ்ட் அப்படியில்லை. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீட்டி மடக்குகிறார். வருஷக் கணக்கில் யாரும் தொடாத உடம்பை ஒருவர் பொறுமையாகத் தொடும்போது வாய் தானாகத் திறக்கும். நம் வீட்டிலேயே பாருங்கள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது சொல்கிற சங்கதியை வேறு எந்த நேரத்திலும் சொல்வதில்லை.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். உடம்பு இறங்கிப் போவது நோயாளிக்குக் கண்ணுக்குத் தெரிகிற நேரமே அந்த எக்சர்சைஸ் நேரம்தான். போன மாதம் கைத்தாங்கலாகப் பத்து அடி வைத்தார். போன வாரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இன்றைக்குத் தலையைத் தூக்கவே முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக் காகிதம் அவருக்குப் புரியாது, இது புரியும். "காலைத் தூக்குங்க தாத்தா" என்று சொல்லி, கால் எழாமல் போன அந்த நொடியில்தான் "போதும்மா" என்ற வார்த்தை வருகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்றோ அடம் என்றோ எடுத்துக்கொண்டால் அவருக்கு நாம் பெரிய அநியாயம் செய்கிறோம்.

அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனையோ

'போய்ச் சேரணும்' என்பது ஒரே வார்த்தைதான். சொல்கிறவருக்குச் சொல்கிறவர் அர்த்தம் மாறும்.

சிலருக்கு அது வலி. இடுப்பெலும்பு வரை புற்றுநோய் பரவியவரைப் புரட்டினால் உயிர் போய் உயிர் வரும். அவர் வேண்டாம் என்பது அந்த வலியைத்தான். இங்கே ஆறுதல் சொல்வதற்கு முன்னால் வலிக்கு மருந்து வேண்டும். கடுமையான புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. முன்பு இதற்குச் சட்டக் கெடுபிடி ஏராளம். போதைப் பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி, அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகள் வைத்திருப்பதைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் வலி அடங்கும். "அது கடைசி மருந்து, கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க" என்று நம் தெருவில் சொல்வது சரியல்ல. பிசியோதெரபிஸ்ட் செய்யக்கூடியது, மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஆரம்பித்த பிறகு உடம்பைத் தொடுவது. நேரத்தை மாற்றிக்கொண்டாலே பாதி அழுகை நின்றுவிடும். வலி அடங்கவில்லை என்றால் அன்றே நர்ஸுக்குச் சொல்ல வேண்டும்.

சிலருக்கு அது பாரம். வலி பெரிதாக இருக்காது. மருமகள் பீ மூத்திரம் அள்ளுகிறாள், கூலி வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் கிடக்கிறாள், மகன் ஆட்டோ வாடகைக்குக் கடன் வாங்குகிறான் என்று படுத்த இடத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். குழுக் கணக்கைவிடத் துல்லியமான கணக்கு அது! பெண்களுக்கு இது கூடுதல். ஆயுசு முழுக்க அடுத்தவருக்குச் சோறு போட்ட கை, ஒரு வாய் தண்ணிக்கு அடுத்தவரைப் பார்ப்பதை அவர்களால் தாங்க முடிவதில்லை.

இன்னும் சிலர் நிஜமாகவே நிறைவோடு சொல்வார்கள். "பேரன் கல்யாணம் பாத்துட்டேன், என் வேலை முடிஞ்சிது." அவரிடம் போய் மனச்சோர்வு, மாத்திரை என்று பேச வேண்டாம். அவர் பேசுவதை உட்கார்ந்து கேட்டால் போதும். நமக்கும் நல்லது.

நான்காவதாக ஒரு வகை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். அதைப் பற்றிக் கொஞ்சம் கீழே தனியாகச் சொல்கிறோம்.

இதில் எது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கேட்பது?

முதலில் கை நிற்க வேண்டும். அந்தப் பேச்சு வந்த பிறகும் "ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணிக்கொண்டே காலை மடக்குவது போல் மோசமானது வேறில்லை. கையை எடுக்கவும் வேண்டாம், பிடித்தபடியே நிறுத்தலாம். நின்றுகொண்டிருந்தால் உட்கார வேண்டும். பிறகு அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் கேட்கலாம். "போதும்னு சொல்றீங்களே ஆயா, எது போதும்னு இருக்கு? இந்த எக்சர்சைஸா, வலியா, இல்ல எல்லாமேவா?" இந்த ஒரு கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் கண்ணீர் விட்டால் அதுவும் பதில்தான், அவசரப்படக் கூடாது. நாம் சும்மா இருப்பதற்குப் பழகவில்லை. சாவு வீட்டில்கூட ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிற ஜனங்கள் நாம். இரண்டு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருப்பது பிசியோதெரபிஸ்டுக்கும் கஷ்டம், வாசல்படியில் நிற்கிற தன்னார்வலருக்கும் கஷ்டம். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சொல்லக் கூடாதது நமக்கெல்லாம் மனப்பாடம். "அப்படியெல்லாம் பேசக் கூடாது." "நீங்க நூறு வயசு இருப்பீங்க." "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்." "உங்களவிட மோசமா இருக்கிறவங்களப் பாத்திருக்கோம்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் படுத்திருப்பவர் காதில் இது 'இதைப் பத்தி எங்கிட்ட பேசாதே' என்று விழுகிறது. அப்புறம் அவர் யாரிடமும் பேச மாட்டார். சாகிற பயத்தைவிட, அந்தப் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு படுத்திருப்பதுதான் கொடுமை என்பது எங்கள் அபிப்பிராயம்.

"நான் மறுபடி நடப்பேனா தம்பி?" என்று கேட்பார்கள். பொய்யும் வேண்டாம், முகத்தில் அடித்த மாதிரியும் வேண்டாம். "நீங்க என்ன நெனைக்கிறீங்க தாத்தா?" என்று முதலில் திருப்பிக் கேட்கலாம். பல பேருக்கு உண்மை ஏற்கெனவே தெரிந்திருக்கும். "நடக்கிறது கஷ்டம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா திண்ணையில உக்கார வைக்க முடியும். அதுக்குப் பாப்போமா?" என்பது நேர்மையான பதில். "எனக்கு இன்னும் எத்தனை நாளு?" என்று கேட்டால் அது பிசியோதெரபிஸ்ட் சொல்லக்கூடிய பதிலல்ல. "அது எனக்குத் தெரியாது. உங்களுக்காக டாக்டர்கிட்ட கேக்கட்டுமா? தெரிஞ்சா எதுக்குப் பயன்படும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டால் உள்ளே இருக்கிற விஷயம் வெளியே வரும். நிலப் பத்திரம் மாற்ற வேண்டும், பேசாமல் போன தங்கச்சியைப் பார்க்க வேண்டும், குழுவில் தன் சேமிப்புப் பணம் யாருக்கு என்று சொல்ல வேண்டும், இப்படி ஏதாவது இருக்கும்.

"என்ன இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, குழாயெல்லாம் போடாதீங்க" என்று சிலர் சொல்வார்கள். இதைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதித் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. அதன் நடைமுறையை 2023 ஜனவரியில் எளிமைப்படுத்தியது. பிசியோதெரபிஸ்ட் இதில் முடிவெடுக்க முடியாது. அவர் சொன்னதைச் சொன்னபடியே டாக்டரிடமும் குடும்பத்திடமும் சேர்ப்பது அவர் வேலை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால்

இதை நேராகக் கேட்க வேண்டும். "உங்களையே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று கேட்டால் இல்லாத யோசனையைக் கிளப்பிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் வரும். 'ஆமா' என்றாலோ, பதில் சொல்லாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டாலோ, அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. "யாருகிட்டயும் சொல்லாதே" என்பார். அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யக் கூடாது. "உங்க உயிர் விஷயம், நான் சொல்லித்தான் ஆகணும். உங்க எதிர்லயே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டாரிடமும் நர்ஸிடமும் டாக்டரிடமும் அன்றே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பூச்சி மருந்தும் மாத்திரைப் பெட்டியும் கை எட்டும் இடத்தில் இருக்கும். அவற்றை எடுத்துப் பூட்டி வைப்பது தன்னார்வலரே நின்று செய்ய வைக்கக்கூடிய வேலை. 14416 என்ற 'டெலி மனஸ்' எண் இலவசம், மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும். 104-க்கும் கூப்பிடலாம். சாகிற நோய் வந்தவருக்கு மனச்சோர்வு வருவது சகஜம்தானே, அதற்கு என்ன வைத்தியம் என்று விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வு தனி நோய். அதற்கு மருந்து உண்டு, கடைசி மாதங்களிலும் அது பலன் தரும்.

எக்சர்சைஸ் மாற வேண்டும், வருகை நிற்கக் கூடாது

இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம் இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பிசியோதெரபி படிப்பில் சொல்லித் தருவது பெரும்பாலும் ஆளை எழுப்பி நடக்க வைக்கிற வித்தை. பதிவேட்டில் எழுதுவதும் 'முன்னேற்றம்' பற்றித்தான். முன்னேற்றமே இல்லாதவர் வீட்டுக்குப் போக எந்த பிசியோதெரபிஸ்டுக்கும் மனசு சங்கடப்படும். நம்மால் ஆவது ஒன்றுமில்லையே என்று தோன்றும். நோயாளியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி நிறுத்திவிடுவது ரொம்ப சுலபம். போக வேண்டிய வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன என்ற நியாயமும் கைவசம் இருக்கும். ஆனால் படுத்திருப்பவர் பக்கம் இருந்து பாருங்கள். "போதும்மா" என்று அவர் மனசைத் திறந்து சொன்ன மறுவாரமே அந்தப் பெண் வருவது நின்றுவிட்டது. அவர் என்ன நினைப்பார்? நாம் ஏன் வாயைத் திறந்தோம் என்றுதான் நினைப்பார்.

எக்சர்சைஸை நிறுத்தலாம். வருவதை நிறுத்தக் கூடாது. நோக்கத்தை மாற்ற வேண்டும். "என்ன செய்ய முடிஞ்சா உங்களுக்கு நல்லா இருக்கும்?" என்று நோயாளியிடமே கேட்டால் நம்மால் யோசிக்க முடியாத பதிலெல்லாம் வரும். பேத்தியோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். கக்கூசுக்கு நாற்காலியிலாவது போக வேண்டும், படுக்கையில் வேண்டாம். ஒரு பௌர்ணமிக்கு வக்ரகாளியம்மன் கோயில் ஜோதியைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி ஆசையை எடுத்துக்கொள்வோம். நடக்க வைப்பது முடியாத காரியம். ஆட்டோவில் அரை மணி நேரம் சாய்ந்து உட்கார வைக்க முடியுமா? இன்று தலையணை வைத்து ஐந்து நிமிஷம், நாளை மறுநாள் பத்து நிமிஷம். முதுகுக்கு எத்தனை தலையணை, கழுத்து சாயாமல் துண்டை எப்படிச் சுருட்டி வைப்பது, ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் எங்கே பிடிப்பது. இதுவும் பிசியோதெரபிதான்! பௌர்ணமிக்குள் உடம்பு இன்னும் இறங்கிவிட்டால், கட்டிலைத் தெருவாசல் பக்கம் இழுத்துப் போட்டு, கோயில் மேளச் சத்தம் கேட்கிற மாதிரி தலையை உயர்த்தி வைக்கலாம்.

உடம்புக்குச் சுகம் தருகிற வேலைகள் கடைசி வரை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வரும் வாய்ப்பு குறையும். வந்திருந்தாலும் பெரிதாகாமல் இருக்க உதவும். புரட்டும்போது ஒரு ஆளாகத் தோளைப் பிடித்து இழுக்காமல், கீழே போட்ட போர்வையை இரண்டு பேர் பிடித்து நகர்த்த வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்கால் அடியில் தலையணை வைக்கலாம். மூச்சு வாங்குகிறவரை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் தலையணை அடுக்கி, கையை ஊன்றிச் சாய்ந்து உட்கார வைத்தால் மூச்சு இலகுவாகும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி மூச்சை வெளியே விடச் சொல்லலாம். டேபிள் ஃபேன் காற்றையோ விசிறிக் காற்றையோ முகத்தில் படும்படி வைத்தால் திணறல் உணர்வு குறைவதை ஆராய்ச்சியிலேயே பார்த்திருக்கிறார்கள். செலவில்லாத வைத்தியம். மூச்சு முட்டும்போதுதான் சாவு பயம் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று வீட்டாருக்கு ஒரு முறை செய்து காட்டி வைத்தால், பயத்துக்கும் அதுவே மருந்து.

செய்யக் கூடாததும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் அழுத்திப் பிடித்துவிடக் கூடாது, எலும்பு முறியலாம். பக்கவாதம் வந்த பக்கத்துக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோள்பட்டை நழுவும். கடைசி ஓரிரு நாட்களில் நீட்டி மடக்குவதை விட்டுவிடலாம். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, உதட்டை ஈரப்படுத்துவது, கையைப் பிடித்துக்கொண்டிருப்பது போதும். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் ஒரு பக்கமாகத் திருப்பினாலே பெரும்பாலும் குறையும்.

"அவர்கிட்ட சொல்லாதீங்க"

வாசலிலேயே மடக்கி இப்படிச் சொல்கிற குடும்பங்கள்தான் அதிகம். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, பாசத்தில்தான் சொல்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் சண்டைக்கும் போக வேண்டாம், பொய்க்கு உடன்படவும் வேண்டாம். "நானா எதையும் போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரியும்னு நீங்க கேட்டுப் பாத்தீங்களா?" என்று சொல்லலாம். வீட்டில் ஆறு பேரும் அவருக்குத் தெரியாது என்று நடிக்க, அவர் இவர்களுக்காகத் தெரியாத மாதிரி நடிக்க, ஒரு நாடகமே நடந்துகொண்டிருக்கும். சில நேரம் அந்த நாடகத்தை முடிக்க வெளியிலிருந்து ஒரு ஆள் வேண்டும். அது தன்னார்வலராகவும் இருக்கலாம்.

இதெல்லாம் யார் சொல்லி வந்தது?

லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார், முதலில் நர்ஸாக, பிறகு மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து, சாகப் போகிறவர்களின் வலிக்கு ஒரு வழி காண வேண்டும் என்று அப்புறம் டாக்டருக்கே படித்தார். 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் என்ற ஆதரவு இல்லத்தைத் திறந்தார். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, சாமி மேலான கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய முழு வலி, பிரித்துப் பார்க்க முடியாது என்று சொன்னவர் அவர்தான். 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற டாக்டர், சாகிற நிலையில் இருந்தவர்களிடமே பேசிப் புத்தகம் எழுதினார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலை சொன்னார். கல்லூரியில் இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு எச்சரிக்கையை மனதில் வைக்க வேண்டும். மனுஷர்கள் படிக்கட்டு ஏறுகிற மாதிரி வரிசையாகப் போவதில்லை. காலையில் ஏற்றுக்கொண்டவர் சாயங்காலம் தட்டை வீசி எறிவார்.

நமக்குப் பக்கத்தில் கேரளாவில், 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். டாக்டர்களால் மட்டும் ஆகாது என்று ஊர் ஜனங்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். 2008-இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகத்தில் வருஷத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்த ஆதரவு சிகிச்சை தேவை. கிடைப்பது நூற்றில் 14 பேருக்குத்தான். கோழிக்கோட்டில் அன்று வீடு வீடாகப் போனவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள்தான் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

வருகிறவருக்கும் மனசு உண்டு

ஒரு வட்டாரம் முழுக்க ஒரே பிசியோதெரபிஸ்ட். ஒரே வாரத்தில் அவர் பார்த்த மூன்று பேர் இறந்து போகலாம். அடுத்த வீட்டில் போய்ச் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு இது சின்னச் சுமை அல்ல. நர்ஸும் அவரும் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, போனவர்களைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டும். எங்களைக் கேட்டால், தன்னார்வலரையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நோயாளி முன்னால் கண் கலங்கிவிட்டால் அது தப்பில்லை. நோயாளி இவரைத் தேற்ற வேண்டிய நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. கிளம்பும்போது ஒரு சொம்பு மோர் கொடுத்து, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று நாம் கேட்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

இறந்த பிறகு ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போவது நல்லது. கொடுத்து வைத்த வாக்கரையோ காற்று மெத்தையையோ திருப்பி எடுக்க எப்படியும் யாராவது போகத்தான் வேண்டும். காரியத்துக்கு முந்தின நாள் ஆளை அனுப்பி "அதை எடுத்துக் குடுங்க" என்று கேட்காமல், பதினாறாம் நாள் முடிந்த பிறகு பிசியோதெரபிஸ்டும் தன்னார்வலரும் சேர்ந்தே போகலாம். பத்து நிமிஷம் உட்காரலாம். பார்த்துக்கொண்ட மருமகளோ மகளோ அந்த நேரத்தில் ஒன்று கேட்பார்: "நான் சரியா புரட்டிப் போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்களா?" அதற்குப் பதில் தெரிந்தவர் பிசியோதெரபிஸ்ட்தான். "இல்லக்கா. நோய் முத்திப் போச்சு. நீங்க பாத்துக்கிட்டதாலதான் முதுகுல ஒரு புண் இல்லாம போனாங்க" என்று, அது உண்மையாக இருக்கும் இடத்தில், அவர் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும்.